நாடாளுமன்ற மின்னூலகம்: போர், அணுகுண்டு விவாதங்களைத் தேட உதவுமா?

வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி பக்கம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் தொழிற்சங்க மேடைகளில் பேசுபவர்களும் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய சேவை இது. கட்டணம் கிடையாது. 1952 முதலான மக்களவை விவாதங்கள் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. 1962 சீனப் போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த கிருஷ்ண மேனன் ஏன் போனார், நேரு என்ன சொன்னார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதையெல்லாம் அவைக்குறிப்போடு ஒத்துப்பார்க்கலாம். தேடும் வழி தெரியாமல் நுழைந்தால்தான் அரை நாள் வீணாகிவிடும்.

முதலில் தேதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'சீனப் போர்' என்று மட்டும் தேடினால் சம்பந்தமில்லாதவை குவியும். மக்களவை எண், கூட்டத்தொடர், தேதி என்ற வரிசையில் இறங்க வேண்டும். 1962 என்றால் 3-வது மக்களவை. சீனப்படை தாக்கியது அக்டோபர் 20. மேனன் அமைச்சரவையை விட்டே விலகியது நவம்பர் 7. மறுநாள் அவை கூடி, 14-ஆம் தேதி சீன ஆக்கிரமிப்பு பற்றிய தீர்மானம் நிறைவேறும்வரை 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ஒரு நாள் கோப்பை மட்டும் இறக்கிவிட்டு, 'இதை யாரும் கேட்கவே இல்லையே' என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கேள்வி ஒரு நாள் கோப்பில் இருக்கும், பதில் நான்கு நாள் தள்ளி இருக்கும்.

அடுத்து, சொற்கள். பாதுகாப்பைக் குறிக்கும் 'டிஃபென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை 'எஸ்' போட்டு அமெரிக்க முறையில் எழுதாதீர்கள், நம் அவைக்குறிப்பில் 'சி'தான். பழைய தொகுதிகளில் பெய்ஜிங் கிடையாது, பீக்கிங். அருணாசலப் பிரதேசம் கிடையாது, நேஃபா. 1972-க்கு முன்பு இலங்கை என்றால் சிலோன். இந்தத் தொகுதிகள் எல்லாம் ஸ்கேன் செய்த பக்கங்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்க வாய்ப்புண்டு. தேடலில் வரவில்லை என்பதற்காக இல்லை என்று விட்டுவிடாமல், அந்த நாளின் கோப்பைத் திறந்து கண்ணாலேயே புரட்டுங்கள்.

அண்ணாவின் பேச்சை இங்கே தேடிச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. 1962 முதல் 1967 வரை அவர் இருந்தது மாநிலங்களவையில். அந்த அவையின் விவாதங்களுக்குத் தனித் தளம் இருக்கிறது. வடசென்னை உறுப்பினர்கள் பேசியதை இங்கேயே பெயர் போட்டுத் தேடலாம். 1957 என்றால் எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளை, 1967 என்றால் நாஞ்சில் மனோகரன். மனோகரனை 'நாஞ்சில்' என்று தேடாதீர்கள், கே. மனோகரன் என்று போட்டுப் பாருங்கள்.

நமக்குப் பெரிய குறை மொழிதான். ஓர் உறுப்பினர் தமிழில் பேசியிருந்தால் அச்சில் இருப்பது ஆங்கில மொழிபெயர்ப்பு. நட்சத்திரக் குறியிட்டு, 'முதலில் தமிழில் பேசப்பட்டது' என்று அடிக்குறிப்பு மட்டும் இருக்கும். மேடையில் அதைத் திரும்பத் தமிழாக்கி அவர் சொன்ன சொற்களாகவே எடுத்துச் சொல்வது நியாயமில்லை. ஒரு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு ஈராக் மீது அமெரிக்கா தொடுத்த போர் பற்றிய 2003 ஏப்ரல் 8-ஆம் தேதி தீர்மானத்தைப் பாருங்கள். இந்தியில் 'நிந்தா' என்று எழுதினார்கள். நிந்தனை என்று நம் காதுக்கு உடனே புரிகிறது. ஆங்கிலத்தில் அதைக் கண்டனம் என்று கொள்வதா, வருத்தம் என்று கொள்வதா என்பதில்தான் அரசுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இழுபறி. அமெரிக்காவை எவ்வளவு தூரம் பகைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வியே அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருந்தது. இந்தி, ஆங்கிலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அணுகுண்டு பற்றியென்றால் 12-வது மக்களவை, 1998 மே 27. மே 11, 13 பொக்ரான் சோதனைகளை ஒட்டி வாஜ்பாய் தந்த அறிக்கை அன்றையது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற ஒப்பந்தம் பற்றிப் பாகிஸ்தானோடு பேசத் தயார் என்பது அதில் உண்டு. அணு ஆயுதப் பயன்பாட்டை முடிவுசெய்யும் அணுக் கட்டளை அமைப்பை அறிவித்த 2003 ஜனவரி 4 ஆவணத்தை இங்கே தேடாதீர்கள். அது அமைச்சரவைக் குழுவின் செய்திக்குறிப்பாக வெளியானது.

மேற்கோள் காட்டும்போது ஒரு எச்சரிக்கை. பழைய தொகுதிகளில் பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திக்கும் தனி எண் கொடுத்திருப்பார்கள். அதைப் பக்க எண் என்று எழுதினால் சரிபார்ப்பவர் திண்டாடுவார். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும்போதும் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள், கோப்பு திரையில் காட்டும் பக்க எண்ணைச் சொல்லுங்கள்.