புளியரை வளைவுக்கு எந்த பல்பு? சாதா ஹாலோஜனா, நூறு–தொண்ணூறா, எல்.இ.டி.யா

போன ஆனி மாசம். புனலூரில் மச்சினன் வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரி பத்தரைக்கு மேல் செங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தென்மலையில் மழை. ஆரியங்காவு வரும்போது மழையோடு மேகமும் ரோட்டில் இறங்கிவிட்டது. மாநில எல்லையான கோட்டவாசல் தாண்டி இறக்கத்தில் புளியரை எஸ் வளைவுக்குள் நுழைந்தால், எதிரே ஏறி வந்த லாரி நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது. ஹாரனை அமுக்கி, ஓரத்துக் கல்லில் உரசாத குறையாக நிறுத்தினேன். லாரியும் நின்றது. திட்டு வாங்கத் தயாராகக் கண்ணாடியை இறக்கினால், அவர் நிதானமாகக் கேட்டார்:

"என்ன அண்ணாச்சி, ஒத்த லைட்ட போட்டுக்கிட்டு வாரீய? நான் பைக்குன்னுல்லா நெனச்சேன்!"

இறங்கிப் பார்த்தேன். வலது பக்க லோபீம், அதாவது தாழ்த்தி அடிக்கிற வெளிச்சம், போயிருந்தது. இடது பக்கம் மட்டும் எரிகிறது. நம் ஊரில் எதிரே வருகிறவர் நமக்கு வலது பக்கம்தானே வருவார்? அவர் கண்ணுக்கு ரோட்டோரம் ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தால், ஓரமாகப் போகிற பைக் என்று நினைத்து நடு ரோட்டை எடுத்துக்கொள்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

கையில் மாற்று பல்பு இல்லை என்றதும் அவரே வழி சொன்னார். "எரியிறத கழத்தி வலது பக்கம் போடுங்க. இப்போதைக்கு வீடு போய்ச் சேந்துருவீய." செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். இத்தனை வருஷமாகக் கார் வைத்திருக்கிறேன், பானெட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்பக்கத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் பல்பு வாங்கப் போனேன். ஒரு பல்புக்கு ஐந்து யோசனை சொன்னார்கள். வண்டி பழைய சின்னக் கார். அதில் போடுவது எச்-4. உள்ளே இரண்டு இழை, ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55 வாட், பின்னால் மூன்று பின். அதே அளவில் கடையில் இருந்தவை: சாதா ஹாலோஜன், 'பிளஸ்' என்று எழுதிய விலை கூடிய ஹாலோஜன், நீலப் பூச்சுப் பூசிய 'வெள்ளை' ஹாலோஜன், 100/90 வாட் பல்பு, எல்.இ.டி. செட். ஒவ்வொன்றையும் ஒருவர் சத்தியம் செய்து சிபாரிசு செய்தார். ஆகையால் இரவல் வாங்கியும் காசு கொடுத்தும் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். தெருக்கோடியில் மூடிக் கிடக்கிற ரைஸ் மில்லின் நீளச் சுவர் இருக்கிறது. அதிலிருந்து பத்து மீட்டர் தள்ளிச் சமதரையில் வண்டியை நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன்.

முதலில் சாதா பல்பு. சுவரில் லோபீம் அடித்தால் மேலே ஒரு கோடு வெட்டினாற்போல் தெரியும். கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். இடது பக்கம் மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் மேல்நோக்கி ஏறும். எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காமல், நம் பக்கத்து ரோட்டோரத்தை மட்டும் தூரத்துக்குக் காட்டும் ஏற்பாடு அது. எச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் லோபீம் இழைக்குக் கீழே சின்னத் தகரக் கிண்ணம் ஒன்று தெரியும். அந்தக் கோட்டை வெட்டுவது அதுதான். இழை எந்த இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் நீளத்தில் இருக்கிறதோ, அதற்கென்றே அளந்து வளைத்ததுதான் டூமுக்குள், அதாவது ஹெட்லைட் கூட்டுக்குள், இருக்கிற ரிஃப்ளெக்டர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எல்.இ.டி.யைப் பாருங்கள். அதில் இழை கிடையாது. தட்டையான பட்டையின் இரண்டு பக்கமும் வெளிச்சம் விடுகிற சின்னச் சின்னச் சில்லுகள். உருளையான இழை இருந்த இடத்தில் தட்டையான வெளிச்சம் உட்கார்ந்தால் ரிஃப்ளெக்டர் என்ன செய்யும்? சுவரில் கோடு கலங்கிப் போனது. வண்டிக்கு நேர் முன்னால் பளீரென்று ஒரு திட்டு, கோட்டுக்கு மேலேயும் சிதறல், தூரத்துக்கு வேண்டிய இடது ஓரத்தில் சோர்வு. ஓட்டுகிறவருக்கு என்னமோ பிரமாதமாகத்தான் இருக்கும், நானும் முதலில் அசந்துபோனேன். காலடியில் வெளிச்சம் கொட்டினால் கண் அதற்குப் பழகிச் சுருங்கிவிடுகிறது. அப்புறம் தூரத்து வளைவு முன்னைவிட இருட்டாகத் தெரிகிறது. பல்பைத் திருப்பி சில்லுகள் சரியாக இடமும் வலமும் பார்க்கிற மாதிரி வைத்தபோது கொஞ்சம் தேவலை. ஆனாலும் சாதா பல்பின் கோடு வரவில்லை.

எல்.இ.டி.யின் இன்னொரு தொல்லை எங்கள் சாரல் ஊருக்கே உரியது. பல்பின் முதுகில் விசிறியோ தகட்டு அடுக்கோ இருக்கும். அதனால் டூமின் பின்பக்க ரப்பர் மூடி சரியாக உட்காராது. கடைக்காரர் பிளேடால் மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த ஓட்டை வழியாக ஈரம் உள்ளே போய் டூம் வேர்க்கும். ஹாலோஜன் என்றால் அதன் சூட்டிலேயே ஓரளவு காய்ந்துவிடும். எல்.இ.டி. முன்பக்கம் அவ்வளவு சூடாகாது, வேர்த்தது வேர்த்தபடி நிற்கும்.

அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி. டூமோடு வருகிற புதுக் கார்களின் கதை வேறு. அங்கே ரிஃப்ளெக்டரும் லென்ஸும் அந்தச் சில்லுக்கென்றே செய்தவை. என் மச்சினன் கார் அப்படித்தான். கோடு சவரக்கத்தியால் வெட்டினாற்போல் விழுகிறது, பொறாமையாக இருந்தது. ஆனால் அதில் ஏதாவது போனால் பல்பு மட்டும் மாற்றுகிற வேலையே பெரும்பாலும் இல்லை. மொத்த டூமையும் மாற்றச் சொல்வார்கள், அந்த விலைக்கு எனக்கு ஆயுசுக்கும் ஹாலோஜன் வாங்கிவிடலாம்.

100/90 பல்பைப் பற்றி எலக்ட்ரீசியன்களிடம் கேட்டால் இரண்டு கட்சி. சுவரில் கோடு ஒழுங்காகத்தான் விழுகிறது, வெளிச்சமும் அள்ளுகிறது. ஏனென்றால் இழை இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கேடு பின்பக்கம். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் எட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு பக்கமும் சேர்ந்து பதினாறுக்கும் மேல், அதுவும் பத்துக்கு அளந்து போட்ட ஒயரில், ஸ்டியரிங் ஓரத்து சுவிட்ச் வழியாக. அரை மணி நேரம் எரியவிட்டு, பல்பின் பின்னில் மாட்டுகிற கப்ளரைத் தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியவில்லை. கருகல் வாடை லேசாக வந்ததும் அணைத்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்பில் ஒரு அண்ணாச்சி மேஜை டிராயரைத் திறந்து, மெழுகுபோல் உருகிப் பின்னோடு ஒட்டிக்கொண்ட ஹோல்டர்களை அள்ளிக் காட்டினார். "இதெல்லாம் நூறு–தொண்ணூறு கேட்டு வந்தவங்க கொடுத்துட்டுப் போன சொத்து."

நீலப் பூச்சு பல்பு பற்றி இரண்டு வரி போதும். பூச்சு என்றாலே வெளிச்சத்தில் ஒரு பங்கை அது தின்கிறது என்று அர்த்தம். அழகுக்குப் போடுகிறவர்கள் போடட்டும்.

'பிளஸ்' ஹாலோஜன் நேர்மையான சரக்கு. அதே 60/55 வாட்தான். இழையை நெருக்கமாகச் சுற்றி, உள்ளே வாயுவின் அழுத்தத்தைக் கூட்டி, வெளிச்சத்தை ரோட்டுக்கு வேண்டிய இடத்தில் குவிக்கிறார்கள். பிரகாசத்துக்கு விலை ஆயுள். சாதா பல்பைவிடச் சீக்கிரம் போகும், காசும் சில மடங்கு. மாசத்துக்கு ஒன்றிரண்டு ராத்திரி மட்டும் மலை ஏறுகிறவருக்குச் சரி. தினமும் இருட்டில் புனலூர் போய் வருகிற வாடகை வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் என் காருக்கு எது? இரவல் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டு சாதா 60/55 தான் போட்டேன், கூடவே ரிலே ஒயரிங் கிட் ஒன்று. இந்த யோசனையை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை, டிராயர் அண்ணாச்சிதான் சொன்னார். பழைய வண்டியில் பேட்டரியிலிருந்து சுவிட்ச், ஃபியூஸ், கப்ளர் என்று சுற்றி வருவதற்குள் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கு மேல்கூடக் குறையும். பத்து சதவீதம் குறைந்தால் ஹாலோஜனின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும், மஞ்சளாக அழுது வடியும். ரிலே போட்டால் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக பல்புக்குப் போகிறது, சுவிட்ச் கட்டளை மட்டும் கொடுக்கிறது. அதோடு மஞ்சள் பாய்ந்திருந்த டூமை உப்புத்தாளால் தேய்த்து, மெருகேற்றி, வெயில் தாங்கும் பூச்சு அடித்தோம். (பற்பசையால் தேய்க்கிற வைத்தியம் ரெண்டு வாரம் தாங்கும், பல் மட்டும் வெள்ளையாக இருக்கும்.) கடைசியில் சுவரில் வைத்துக் கோட்டைச் சரிசெய்தோம். பத்து மீட்டர் தூரத்தில் பல்பின் மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே கோடு விழ வேண்டும் என்பது பொதுக்கணக்கு. ரெண்டு திருகுதான். அதுவரை என் இடது டூம் மரத்தில் குயில் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

மூடுமேகத்தில் மஞ்சள் வெளிச்சம் துளைத்துப் போகும் என்பதை இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். மேகத் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் நீலமானாலும் மஞ்சளானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். ஆனால் நீலம் கலந்த வெள்ளை திரும்பி வந்து கண்ணைக் கூசவைப்பது அதிகம், மஞ்சளில் கண்ணுக்கு இதம். உண்மையில் உதவுவது நிறமல்ல, விளக்கு தாழ்வாக இருப்பதும் கோடு வெட்டாக விழுவதும்தான். எஸ் வளைவில் மேகம் இறங்கினால் ஹைபீம் போட்டவருக்கு முன்னால் வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டாற்போல் இருக்கும். கோடு கலங்கிய எல்.இ.டி.க்கும் அதே கதிதான், லோபீமிலேயே.

சட்டமும் நடுவில் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கோட்டவாசலுக்கு அந்தப் பக்கம் கேரள எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) இந்த விஷயத்தில் நம் பக்கத்தைவிடக் கறார். சபரிமலை சீசனில் கண்கூசும் லைட்டோடு போய் அபராதம் கட்டிவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

யார் கையால் மாற்றுவது?

முதல் தடவை பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனேன். காலையில் விட்டு சாயங்காலம் எடுக்கச் சொன்னார்கள். மத்தியானம் போன் வந்தது: "சார், அசெம்ப்ளியே மாத்திடலாமா?" எதற்கு என்றதற்குப் பதில் இல்லை. வண்டியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தெரு முனை எலக்ட்ரீசியன் கால் மணி நேரத்தில் முடிப்பார், கூலி ஒரு டீ வடைக்கு மேல் கொஞ்சம். ஒயரிங், ரிலே என்றால் அவர்தான் சரி. பேட்டரியையோ பம்பரையோ கழற்றினால்தான் கை நுழையும் என்கிற சில கார்களுக்கும் அவர்தான்.

வெறும் எச்-4 மாற்றுவது நம் வேலை. லைட்டை அணைத்துச் சூடு ஆறவிட்டு, மூன்று பின் கப்ளரை நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. ரப்பர் மூடியை உரித்தால் ஸ்பிரிங் கம்பி ஒன்று பல்பை அழுத்திக்கொண்டிருக்கும். அதை அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் விடுபடும். புது பல்பின் தட்டில் மூன்று காதுகள், அகலமான காது மேலே. மூன்றும் பள்ளத்தில் உட்கார்ந்தால் பல்பு ஆடாது. உட்காராமல் கம்பியை மாட்டினால் கோடு கோணலாக விழும். கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் சூடேறி பல்பு சீக்கிரம் போகும், பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும். ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயசுதான், ஜோடியாக மாற்றிவிடுவது நல்லது.

பின்பக்க பல்பில் இரண்டு இழை உள்ளதும் ஒரு இழை உள்ளதும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 21/5 வாட் பல்பின் பக்கவாட்டு ஆணிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. அதைக் கவனிக்காமல் பலவந்தமாகத் திருகினால் பிரேக்கும் டெயில் லைட்டும் குழம்பும். இன்டிகேட்டருக்கு எல்.இ.டி. போட்டால் வண்டி, பல்பு போய்விட்டதென்று நினைத்துப் படபடவென்று வேகமாக மினுக்கும். பிரேக் லைட் எரிகிறதா என்று பார்க்க ஆள் வேண்டாம், ராத்திரி சுவருக்கு முதுகைக் காட்டி மிதித்தால் போதும்.

எல்.இ.டி. செட்டுக்கு வைத்திருந்த காசு மிச்சம். அதில் வைப்பர் ரப்பர் ஜோடி மாற்றினேன், பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னேன். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகிப்போவது அப்படித்தான், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவது வழக்கம். என் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றியது என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. கழற்றிய ஆயில் காப்பி நிறத்தில் இருந்தது.

ஜோடியில் மிஞ்சிய பழைய பல்பைத் தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றி டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்து, மேலே ஒட்டிய தாளில் பேனாவால் 'வலது' என்று எழுதியிருக்கிறேன்.