வேலூர் லாங் பஜாரில் வாங்கிய ‘விக்டரி’ காகிதப் போர்க்கப்பல்: திருத்தினால் தேறும்

பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ‘விக்டரி’யின் வெட்டி ஒட்டும் மாதிரி இது; 1:200 அளவு. அட்டை உறுதி, வெட்டுக்கோடுகள் துல்லியம். பீரங்கிகளைத் தட்டையாக அச்சிட்டதுதான் பெரிய குறை. 1805இல் பிரிட்டன் பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படையை வென்ற டிரஃபால்கர் போரில் அசல் கப்பலில் 104 பீரங்கிகள். கீழ்த்தளத்தில் மட்டும் 30. பீரங்கி நீளும் அந்தச் சாளரங்களை வெட்டித் திறந்து, பின்னால் கறுப்புத்தாள் ஒட்டி, ஒன்றரை மி.மீ. ஊதுவத்திக் குச்சியைக் கறுப்பாக்கி 5 மி.மீ. நீட்டிவிடுங்கள். சாளர மூடிகள் வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு.

கப்பலின் பக்கத்திலுள்ள மஞ்சள் பட்டை கண்ணைப் பறிக்கிறது. வெளிறிய காவியே சரி. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் தார் பூசியவை, ஆகவே கறுப்பு நூல். பாயை இழுப்பவை பழுப்பு. ஏணிக்கயிறுகளுக்கு 2 மி.மீ. இடைவெளி.

நீர்ப்பசை அதிகமானால் பக்கப்பலகை நெளியும். குச்சிமுனையால் மெல்லத் தடவுங்கள். வேலூர் வெயிலில் பசை சட்டென இறுகும்; இரண்டு அங்குலமாக ஒட்டிக்கொண்டே போங்கள்.