ஸ்லைடுஷோ படங்களுக்குச் சீரான பார்டர்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலுள்ள நடுகற்கள், மல்லசந்திரத்துக் கற்திட்டைகள் (பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்), மலைக்கோட்டைகள் ஆகியவற்றின் ஒளிப்படங்களைப் பள்ளிகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் ஸ்லைடுஷோவாகத் திரையிடும் வேலையை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். படங்கள் ஒரே கையிலிருந்து வருவதில்லை. ஒருவர் கேமராவில் எடுத்த 6000×4000 பிக்சல் கோப்பைத் தருவார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த 1600×1200 படத்தைத் தருவார். நடுகல் நெட்டையாக நிற்பதால் அதன் படம் பெரும்பாலும் நிமிர்ந்ததாகவும், கற்திட்டை தரையோடு படர்ந்திருப்பதால் அதன் படம் கிடைமட்டமாகவும் அமையும். இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே காட்சியாகக் கட்டி நிறுத்துவது பார்டர்தான். அது படத்துக்குப் படம் தடித்தும் மெலிந்தும் வருமானால், பார்டரே இல்லாமல் விடுவது மேல்.

சீரின்மைக்குக் காரணம் எளிய கணக்கு. எல்லாப் படங்களுக்கும் 40 பிக்சல் பார்டர் என்று கொடுத்தால் கோப்பில் அது ஒரே அளவுதான். திரையில் அப்படித் தெரியாது. 1080 பிக்சல் உயரமுள்ள திரைக்குள் அடங்க 4000 பிக்சல் உயரப் படம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும்போது அதன் பார்டரும் சுருங்கிச் சுமார் 11 பிக்சலாகிவிடும். வாட்ஸ்அப் படம் சற்றே சுருங்குவதால் அதன் பார்டர் 36 பிக்சல் அளவில் தடித்து நிற்கும். விழுக்காட்டில் அளவு கொடுப்பதும் இதற்கு முழுத் தீர்வாகாது. அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே கணக்கிடும் கருவியில் 2 விழுக்காடு என்றால், நிமிர்ந்த படத்தின் பக்கவாட்டுப் பார்டர் மெலிந்தும் மேல்கீழ்ப் பார்டர் தடித்தும் வரும்.

ஆகவே வரிசைதான் முக்கியம்: முதலில் படத்தைச் சுருக்க வேண்டும், பிறகு பார்டர் போட வேண்டும், இறுதியாகத் திரையின் அளவுக்குப் பின்புலத்தை விரிக்க வேண்டும். நான் நிலையாகப் பின்பற்றும் அளவுகளைச் சொல்கிறேன். 1920×1080 திரைக்கு, ஒவ்வொரு படமும் 1760×960 கட்டத்துக்குள் அடங்குமாறு, நீள அகல விகிதம் மாறாமல் சுருக்கப்படுகிறது. அதன்மேல் நாற்புறமும் 12 பிக்சல் பார்டர் சேர்கிறது. பின்னர் அடர்சாம்பல் பின்புலத்தின் நடுவே படம் அமர்த்தப்பட்டு 1920×1080 கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. இதன்படி கேமராவின் கிடைமட்டப் படம் 1440×960 ஆகவும், கைப்பேசிப் படம் 1280×960 ஆகவும், நிமிர்ந்த நடுகல் படம் 640×960 ஆகவும் வருகின்றன. மூன்றுக்கும் உயரம் ஒன்றே என்பதால், ஒரு படம் மங்கி அடுத்தது தெளியும்போது மேல்கோடும் கீழ்க்கோடும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பார்வையாளர்கள் இதைத் தனியாகக் கவனிப்பதில்லை என்றாலும், காட்சி அமைதியாக ஓடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

கருவிகளில் இரண்டை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறேன். பல படங்களை ஒரே தடவையில் மாற்றித்தரும் எக்ஸ்என்கன்வர்ட் (XnConvert) நிரலில் செயல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, தேவைப்பட்டால் இழுத்து வரிசையை மாற்றி, அந்த அடுக்கைச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். கட்டளை எழுதப் பழகாத நண்பர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அது இலவசம். 1990 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கும் இமேஜ்மேஜிக் (ImageMagick), கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல். கட்டளையில் எழுதிய வரிசைப்படியே அது செயல்களைச் செய்வதால், மேற்சொன்ன மூன்று படிகளும் அதில் ஐயமின்றி அமைகின்றன. அதிலுள்ள மோக்ரிஃபை (mogrify) கட்டளை மட்டும், வேறு கோப்புறையைக் காட்டாவிட்டால், மூலப்படத்தின்மீதே எழுதிவிடும். எதில் செய்தாலும் கைப்பேசிப் படங்களைப் பொறுத்தவரை கோப்பில் பதிந்துள்ள திசைத் தகவலின்படி படத்தைத் திருப்பும் செயல் முதலில் வர வேண்டும். இல்லையெனில் சில நிரல்களில் நடுகல் பார்டரோடு சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

நிறத்தில் தூய வெள்ளையை விட்டுப் பல காலமாகிறது. இருட்டறையில் அது கண்ணைக் கூசச் செய்வதோடு, ஒகேனக்கல் அருவிப் படங்களில் நுரையும் பார்டரும் ஒன்றாகக் கலந்து ஓரம் எங்கே முடிகிறதென்று தெரியாமல் போகிறது. சற்றே மங்கிய வெளிர்சாம்பல், கருங்கல்லுக்கும் பொருந்துகிறது, மாங்கனிக் கண்காட்சியின் மஞ்சளுக்கும் பொருந்துகிறது. விழாப் படங்களுக்குச் சிவப்பு பார்டர் வேண்டுமென்று கேட்பவர்கள் உண்டு. ஜேபெக் கோப்புகளில் ஒளிர்வைவிட நிறத் தகவல் பெரும்பாலும் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கப்படுவதால், மெல்லிய சிவப்புக் கோட்டின் ஓரம் கசிந்த மை போலத் தெரியும். சாம்பலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

பார்டரின் குறைந்த அளவைத் திரைதான் தீர்மானிக்கிறது. பள்ளிகளில் இன்னும் 1024×768 புரொஜெக்டர்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றில் நம் காட்சி 1024×576 ஆகச் சுருங்கும்போது 12 பிக்சல் பார்டர் ஆறு பிக்சலளவில் நிற்கிறது. 2 பிக்சல் கோடு போட்டிருந்தால் ஓரிடத்தில் தெரிந்து மற்றோரிடத்தில் மறையும். தொலைக்காட்சிகளில் சிக்கல் வேறு. சில பெட்டிகள் படத்தின் விளிம்பைச் சிறிது வெட்டியே காட்டுகின்றன, பக்கத்துக்கு 2.5 விழுக்காடு என்று வைத்தாலும் இடவலமாக 48, மேல்கீழாக 27 பிக்சல் போய்விடும். திரை விளிம்பை ஒட்டிய பார்டர் அதில் முதலில் பலியாகும். என் அளவுகளில் பார்டருக்கு வெளியே பக்கவாட்டில் 68 பிக்சலும் மேல்கீழ் 48 பிக்சலும் குறையாமல் எஞ்சுவது இதற்காகவே.

ஸ்லைடுஷோ நிரல்களில் ஆயத்தமாக வரும் அலங்காரச் சட்டங்களை நான் விரும்புவதில்லை. அவற்றில் பல, படத்துக்கு வெளியே சேராமல் படத்தின் மேலேயே படிந்து ஓரங்களை மறைக்கின்றன. எங்கள் பகுதி நடுகற்களில், தமிழின் பழைய வரிவடிவமான வட்டெழுத்தில் அமைந்த வரிகள் வீரன் உருவத்துக்கு மேலே, கல்லின் விளிம்பு வரை ஓடுவதுண்டு; அந்த எழுத்தைத் தின்னும் சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. அதுபோலவே, படத்தை மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே நகர்த்தும் அசைவு சில நிரல்களில் தாமாகவே இயங்கும். அதை அணைக்காவிட்டால் பார்டர் ஒவ்வொன்றாகத் திரையை விட்டு வெளியேறும்.

படத்தின் கீழே ஊர்ப்பெயர் எழுதுவதற்காகக் கீழ்ப்பார்டரை மட்டும் அகலப்படுத்தும் வழக்கமும் உண்டு. தமிழைப் பொறுத்தவரை இதில் எச்சரிக்கை தேவை. எழுத்துகளை அந்தந்த மொழியின் வரிவடிவ விதிப்படி அமைக்கும் ராக்ம் (Raqm) என்ற துணைநிரல் இணைக்கப்படாத இமேஜ்மேஜிக்கில் எழுதினால், ஒற்றைக்கொம்பு உரிய எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பார்டரைப் படத்தோடு சேர்த்துவிட்டு, பெயரை மட்டும், ஸ்லைடு தயாரிக்கும் நிரலான லிப்ரெ ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸில் தனி எழுத்துப்பெட்டியாக, படத்துக்குக் கீழே எஞ்சும் 48 பிக்சல் பட்டையில் அமைக்கிறேன். ஊர்ப்பெயரில் திருத்தம் வந்தாலும் படத்தைத் தொட வேண்டியதில்லை.