மசாய் மணி அட்டியல்: பாசி திறம், கம்பிதான் கவலை

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு அலங்காரப் பொருட்கடையில் மசாய் மணி அட்டியலும் சிவப்புத் தலைப்பின்னலும் சேர்த்து 6,500 ரூபாவுக்கு விற்கிறார்கள். கென்யா, தன்சானியாவில் மாடு வளர்த்து வாழும் மசாய்ப் பெண்கள் கழுத்தில் போடும் தட்டையான வட்ட அணி இது.

பாசியில் குறை இல்லை. அசல் கண்ணாடி, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும். ஒரு மணி ஏறத்தாழ 2.3 மில்லிமீற்றர். நிறங்களும் சரி: சிவப்பு மாட்டின் இரத்தம், வெள்ளை பால், நீலம் வானம், பச்சை புல். ஐரோப்பியக் கண்ணாடி மணி 19ஆம் நூற்றாண்டில் தாராளமாக வரமுன்னர் விதை, எலும்பு, சிப்பி, செம்பு என்று கோத்தவர்கள்.

சிக்கல் கம்பியில். ஒன்பது வளையமும் மெல்லிய இரும்புக் கம்பி. எங்கள் உப்புக்காற்றும் வியர்வையும் பட்டால் கறள் பிடிக்கும், முதலில் கறுப்பது வெள்ளை மணியின் துளைதான். பின்பக்கம் கம்பி நுனியைக் கொக்கியாக மடித்தபடியே விட்டிருக்கிறார்கள். தலைமயிரில் சிக்கும், பிடரியைக் கீறும். சின்னக் குறட்டால் உள்ளே சுருட்டிவிடுங்கள்.

வளையங்களைப் பிரித்து நிறுத்தும் தோல்பட்டி ஐந்துதான் உண்டு. தோள் பக்கம் இடைவெளி கூட, அதனால் நாலாம் வளையம் ஐந்தாவதின் மேல் ஏறிவிடுகிறது. புதுப் பட்டி கோப்பதென்றால் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். அதைவிட, தங்கூசியால் கீழ்ப்பக்கமாக ஒவ்வொரு வளையத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்ததோடு சேர்த்துக் கட்டலாம். இறுக்கிக் கட்டினால் தட்டு கிண்ணம்போல வளைந்துவிடும், கவனம்.

தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். ஆணியில் கொழுவினால் வட்டம் நீண்டுபோகும், படுக்கையாக வையுங்கள். மாரியில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், வாரம் ஒருக்கால் வெளியே எடுங்கள்.

தலைப்பின்னல் வீண்செலவு. அட்டையில் ‘மசாய் மணப்பெண் பின்னல்’ என்று போட்டிருப்பது முழுப்பிழை. மசாய்ப் பெண்கள் தலையை மழிப்பவர்கள். நீள மயிரை நூல்நூலாகப் பின்னி, செங்காவியும் கொழுப்பும் பூசுவது மொறான் எனப்படும் இளம் வீரர்கள். இளம் வீரர் மூத்த நிலைக்கு ஏறும் எயுனோட்டோ சடங்கில் அந்த மயிரைத் தாய்தான் மழித்துவிடுவார். நாடகத்துக்கு வாங்கும் பள்ளிக்கூடங்கள் இந்த அட்டையை நம்பி மணப்பெண்ணுக்கு வீரனின் தலையைச் சூட்டிவிடக்கூடாது. அட்டியலைத் தனியாகக் கேட்டால் 4,800 ரூபாவுக்குத் தருகிறார்கள்.