இடுப்பு வலி என்று போனேன், 24 சிட்டிங்கைத் தலையில் கட்டினார்கள்

வயிற்றில் பிள்ளையோடு கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி வலியைப் போக்குவதாகச் சொல்பவரிடம், போகலாமா என்று யோசிப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் மொத்தமாகக் கட்டி ஏமாந்தவள்.

அப்போது 28ஆவது வாரம். அடிவயிற்றுக்குக் கீழே முன் எலும்பிலும், பின்னால் பிட்டத்துக்கு மேலே ஒரு பக்கமும் வலி. படுக்கையில் புரண்டால் உயிர் போகும். உடை மாற்ற ஒற்றைக் காலைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். செக்கப்பில் சொன்னேன். "இந்த மாசத்துல இதெல்லாம் சகஜம்மா" என்று டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். என்ன செய்யலாம் என்று அன்றைக்கு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு இடம் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

கைரோபிராக்டரிடம் போனேன். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கர்ப்பமா, ஆம், இல்லை என்று ஒரே ஒரு கட்டம். எத்தனையாவது வாரம், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ரத்தக்கசிவு உண்டா, எந்த டாக்டரிடம் பார்க்கிறேன், எதுவும் கேட்கவில்லை. பிபி பார்க்கவில்லை. கையில் வைத்திருந்த ஃபைலைத் தொடக்கூட இல்லை. படுக்க வைத்து, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, "பாருங்க மேடம், வலது கால் அரை இஞ்ச் குட்டை" என்றார். இடுப்பில் ஒரு அழுத்து. "இப்ப சமமாயிடுச்சு." வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான்காவது தடவை போனபோது இடது கால் குட்டையாம். என் கால்கள் முறை வைத்துக் குட்டையாகின்றன என்று அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

முதுகெலும்பு விலகி, கருப்பைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். அதற்கு 'சப்லக்சேஷன்' என்று பெயராம். இந்த விலகல்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்ல ஆய்வு ஆதாரம் எதுவும் இல்லை என்று பிரிட்டனில் கைரோபிராக்டர்களை முறைப்படுத்தும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே 2010-இல் சொல்லிவிட்டது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், பிரசவம் வரை 24 சிட்டிங், முழுப் பணமும் இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி, நாளைக்கு வந்தால் கிடையாது. கட்டினோம். படிவத்தின் கடைசி வரியில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று இருந்ததை நான் படிக்கவில்லை.

பொய் சொல்லக் கூடாது, முதல் இரண்டு தடவையும் வலி ஒரு நாள் அடங்கியது. மறுநாள் பழையபடி.

30ஆவது வாரம் ஸ்கேனில் குழந்தை புட்டம் கீழே, தலை மேலே என்று வந்தது. அதையும் பிடித்துக்கொண்டார். வெப்ஸ்டர் முறையில் குழந்தையைத் திருப்பித் தருகிறேன் என்றார். அது லாரி வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கைரோபிராக்டரின் பெயரில் இருக்கும் முறை. இடுப்பெலும்பில் செய்வது. குழந்தையைத் திருப்பும் சிகிச்சை இல்லை என்று அந்த வெப்ஸ்டர் தொடங்கிய அமைப்பே சொல்கிறது. அந்த வாரத்தில் தலை மேலே இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை தானாகவே திரும்பிவிடும்; மாதம் நிறையும்போது மொத்தக் குழந்தைகளிலேயே அப்படி இருப்பவை நூற்றுக்கு 3, 4தான். திரும்பாவிட்டால் 37ஆவது வாரத்தை ஒட்டி மகப்பேறு மருத்துவர் ஆஸ்பத்திரியில் வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே வயிற்றின் மேலிருந்து திருப்பிப் பார்ப்பார். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கும்.

குழந்தையைத் திருப்ப என்று கைரோபிராக்டர் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து இருபது நிமிடம் விட்டுவிட்டுப் போனார். வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி, குரல் கொடுத்தேன். கருப்பை பெருத்த பிறகு மல்லாந்து படுத்தால் அதன் எடை பெரிய ரத்தக்குழாயை அமுக்கும், ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். அவர் சொன்ன விளக்கம்: "எனர்ஜி ரிலீஸ் ஆகுது மேடம்."

33ஆவது வாரம் இரண்டு நாளாக விடாத தலைவலி. கண் முன்னால் மின்மினி பறந்தது. அவரிடமே சொன்னேன். "உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளியேறுது, தண்ணி நிறைய குடிங்க. நாளைக்குக் கழுத்தையும் ஒரு தடவை எடுத்துவிட்டுடலாம்." அன்று இரவு அண்ணியிடம் போனில் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். "கண்ணுல பூச்சி பறக்குதுங்கறே, இன்னும் வீட்டுலயா உக்காந்திருக்கே? கிளம்புடி முதல்ல" என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் பிபி 158/104. சிறுநீரில் புரதம். ப்ரீ-எக்லாம்சியா, கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோய். முற்றினால் வலிப்பு வரை போகக்கூடியது.

கைரோபிராக்டர் அழுத்தியதால் இது வரவில்லை, அந்தப் பழியை நான் போட மாட்டேன். ஆனால் அந்த அறிகுறியோடு போனவளிடம் நல்லது நடக்கிறது என்று சொல்லி, கழுத்தைத் திருகவும் நாள் குறித்தார். கழுத்தைத் திருகும்போது மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிவது அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது.

வார்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தது: முழங்கால்களுக்கு நடுவே தலையணை, இரண்டு முழங்காலையும் சேர்த்துவைத்துப் புரள்வது, உட்கார்ந்து உடை மாற்றுவது, சின்ன எட்டாக நடப்பது, இடுப்புக்கு பெல்ட். ஒன்பது சிட்டிங்கில் கிடைக்காத நிம்மதி அன்று ராத்திரித் தூக்கத்தில் கிடைத்தது.

எல்லாரும் இப்படி இல்லை. என் தோழி போன இடத்தில் முதலில் ஃபைலை வாங்கிப் படித்து, அவளுடைய டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னார்களாம். வயிறு அழுந்தாத மேசை, கழுத்தில் கையே வைக்கவில்லை. நாலு தடவையில் குறையாவிட்டால் வராதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கிடைத்தாலும், ரத்தக்கசிவு, நீர் ஒழுகல், குழந்தை அசைவு குறைவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இடுப்பு மரத்துப்போய் சிறுநீர் கட்டுப்படாதது, என்னைப் போலத் தலைவலியும் கண் மின்னலும், இதில் எது வந்தாலும் அவரிடம் போகாதீர்கள். நேராக ஆஸ்பத்திரி.

34 வாரம் முடிந்ததும் வலி வரவழைத்தார்கள். அதற்கு முந்தைய ஸ்கேனில் குழந்தையின் தலை கீழே இருந்தது. சிட்டிங் நின்ற பிறகு தானாகத் திரும்பியிருக்கிறாள்.

மீதி 15 சிட்டிங் பணத்தைக் கேட்டு வீட்டுக்காரர் போனார். அந்தக் கடைசி வரியைக் காட்டினார்களாம். அப்புறம் இரக்கப்பட்டு ஒரு வழியும் சொல்லியிருக்கிறார்கள்: "பாப்பா பேருக்கு மாத்திக்கலாம் சார், பிறக்கும்போதே கழுத்து விலகியிருக்கும்." பாப்பா அப்போது இன்குபேட்டரில் இருந்தாள்.