மேடைக்குப் பின்னால் நிற்பவனின் கேம்: பிரூட்டல் லெஜெண்டுடன் ஒன்பது வருடம்

திருவிழா நோட்டீஸில் சுவாமி பெயர், உபயகாரர் பெயர், நாதஸ்வரக் குழுவின் பெயர் எல்லாம் போட்டு முடிந்த பிறகு, அடியில் சின்ன எழுத்தில் ‘ஒலி, ஒளி அமைப்பு’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் இருக்கிறவன் நான். திருகோணமலையில் அண்ணனுடைய சவுண்ட்ஸ் கடையில் பொக்ஸ் தூக்குவது, வயர் சுற்றுவது, மைக் கூவினால் ஓடிப்போய்ப் பார்ப்பது, விடிய மூன்று மணிக்கு எல்லாவற்றையும் கழற்றி லொறியில் ஏற்றுவது, இதுதான் வேலை. அதனால் கதாநாயகனே ஒரு ரோடி என்று கேள்விப்பட்டதும், இந்த கேமை வாங்காமல் இருக்க முடியவில்லை. ரோடி என்றால் இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடை கட்டுகிறவன். பாட்டுக்காரன் வெளிச்சத்தில் நிற்க, இவன் இருட்டில் நிற்பான்.

பிரூட்டல் லெஜெண்ட் 2009 ஒக்டோபரில் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 இரண்டுக்கும் வந்தது. கம்பியூட்டருக்கு வர 2013 ஆனது. டிம் ஷேஃபர் தலைமையில் டபுள் ஃபைன் நிறுவனம் செய்தது. பிறந்த கதையே ஒரு சண்டை. முதலில் வெளியிட இருந்த நிறுவனம் அக்டிவிஷனோடு இணைந்ததும் இதைக் கைவிட்டார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் எடுத்து வெளியிடப் போகும் நேரத்தில் அக்டிவிஷன் வழக்குப் போட்டு, பிறகு சமாதானமாய்ப் போனது. ஆங்கிலப் பெயரில் ‘யு’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கும். ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையின் பழைய குழுக்களுக்கு அது ஒரு பழக்கம். நாங்கள் புள்ளி வைத்தால் எழுத்தின் சத்தம் குறையும். அவர்கள் சத்தம் கூடட்டும் என்று வைக்கிறார்கள்.

நான் வாங்கியது 2016இல், தள்ளுபடியில், இரவு டேட்டாவில் இரண்டு மூன்று இரவு இறக்கி. அன்றிலிருந்து முழுக்கதையையும் மூன்று தடவை முடித்திருக்கிறேன். முடிக்காமல் சும்மா திறந்து சுற்றிவிட்டு மூடிய நாட்களுக்குக் கணக்கில்லை.

கதை இதுதான். எடி ரிக்ஸ் என்ற ரோடி, தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு பொடியன்கள் குழுவுக்கு மேடை போட்டுக்கொண்டிருக்கிறான். செட் சரிந்து அடிபடுகிறது. இரத்தம் இடுப்புப் பட்டியின் பக்கிளில் பட, அது அவனை வேறொரு உலகத்துக்குக் கொண்டுபோகிறது. ஹெவி மெட்டல் இசைத்தட்டு அட்டைகள் உயிர் பெற்று எழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஓர் உலகம். எடிக்குக் குரல் ஜாக் பிளாக். பெயரில் பாதி அயர்ன் மெய்டன் குழுவின் சின்னமான எடி, மற்றப் பாதி அந்தச் சின்னத்தை வரைந்த டெரெக் ரிக்ஸ். தொடக்கத்திலேயே, கெட்ட வார்த்தை கேட்கட்டுமா, ‘பீப்’ சத்தத்தால் மூடட்டுமா என்று கேம் உங்களிடம் கேட்கும். அம்மா பக்கத்து அறையில் இருப்பதால் நான் பீப் போட்டேன். மூடியதுதான் கூடுதல் சிரிப்பு என்று பிறகு விளங்கியது.

அந்த உலகத்தில் எனக்கு எதுவும் புதினமாகப் படவில்லை. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு இருக்கிறது. மலையைப் பெயர்க்கப் பார்த்தவன், வாளால் பாறையைப் பிளந்தவன், தன் நரம்பையே தந்தியாகக் கட்டி வீணை வாசித்தவன் என்று கதை கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஒருவன் முதுகில் கிதாரும் கையில் கோடரியுமாக வந்து, தந்தியைத் தட்டி நிலத்தை அதிர வைத்தால், ‘இவன் எங்கட ஆள்’ என்றுதான் தோன்றும்.

இந்த கேமின் உயிர் பாட்டு. நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள். பிளாக் சபாத், ஜூடாஸ் பிரீஸ்ட், மோட்டர்ஹெட், மெகாடெத், டிராகன்ஃபோர்ஸ் என்று நீளும். கிதாரில் ஒரு சின்ன சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசித்தால் நிலத்துக்குள்ளிருந்து எடியின் கார் எழும்பி வரும். ரேடியோவைப் போட்டுவிட்டு, இரும்புச் சிலந்திகளுக்கும் மலை உயர ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஓடவேண்டியதுதான். திரை மூலையில் குட்டி வரைபடம் கிடையாது. போகவேண்டிய இடத்தில் வானத்துக்கு ஒரு ஒளித்தூண் தெரியும். ஒரு மழைக்கால இரவில் கடையை உள்ளே பூட்டிக்கொண்டு லப்டொப்பை மிக்ஸரில் கொழுவி, இரண்டு பதினைந்து அங்குலப் பொக்ஸில் விட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் முன்வீட்டு அண்ணை குடையோடு வந்துவிட்டார். அந்தப் பத்து நிமிடம் போதும்.

குரல் கொடுத்தவர்களே அந்தப் பாட்டுக்காரர்கள்தான். ஜூடாஸ் பிரீஸ்டின் ரொப் ஹால்ஃபோர்ட், வில்லன்களில் ஒருவனான லயன்வைட். தன் தலைமுடியாலேயே பறப்பான். மோட்டர்ஹெட்டின் லெமி, பேஸ் கிதார் வாசித்துக் காயம் ஆற்றுகிற வைத்தியர். இதை எழுதியவர் எவரோ, சத்தத்தோடு பழகியவர். பேஸ் காதுக்கு வருவதற்கு முதல் நெஞ்சாங்கூட்டுக்கு வந்துவிடும் என்று பொக்ஸுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும். பிளாக் சபாத்தின் பாடகர் ஓஸி ஓஸ்போர்ன் பூமிக்கடியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். காரையும் ஆயுதத்தையும் அங்கேதான் திருத்தவேண்டும். நான் வாங்கும்போதே லெமி இல்லை, 2015 டிசம்பரில் போய்விட்டார். ஓஸி 2025 ஜூலை 5இல் தன் ஊரான பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி செய்து, அதே மாதம் 22ஆம் திகதி காலமானார். செய்தி பார்த்த இரவு கேமைத் திறந்து அந்தப் பட்டறைக்குப் போனேன். வழக்கம்போல உளறலும் நக்கலுமாக வரவேற்றார். வாங்குவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஒரு கேமிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

சரி, குறைக்கு வருவோம். பெரிய குறை ஒன்று இருக்கிறது. முதல் சில மணித்தியாலம் இது வெட்டு, குத்து, கார் ஓட்டம். அப்புறம் திடீரென்று ‘மேடைச் சண்டை’ என்று ஒன்று வரும். உங்களுக்கொரு மேடை, எதிரிக்கொரு மேடை. நிலத்திலிருந்து ஊற்றுப் போல இரசிகர்களின் ஆவிகள் பீறிடும் இடங்களைப் பிடித்து, அங்கே டீசேர்ட் விற்கிற கடை போடவேண்டும். அதில் சேரும் இரசிகர்கள்தான் உங்கள் காசு. அதைக் கொண்டு படை எடுத்து, எதிரியின் மேடையை உடைத்தால் வெற்றி. யோசனை அருமை. ஆனால் தளபதியும் நீங்களே, களத்தில் வெட்டுகிறவனும் நீங்களே. எடிக்கு இறக்கை முளைத்து மேலே பறந்து பார்க்கலாம்தான். ஆனாலும் படையில் இன்னாரை மட்டும் இங்கே அனுப்பு என்று சொல்வதற்குள் கை சிக்கிவிடும். கீபோர்ட்டில் இன்னும் மோசம். முதல் தடவை லயன்வைட்டிடம் ஏழு முறை தோற்று, ஒரு மாதம் கேமையே திறக்கவில்லை.

2009இல் விட்ட டெமோவில், அதாவது மாதிரிப் பதிப்பில், தொடக்கப் பகுதி மட்டுமே இருந்தது. வெட்டுக்குத்து என்று நம்பி வாங்கிய பலருக்கு எனக்கு நடந்ததுதான் நடந்தது. கேம் உங்களுக்குப் பாடம் நடத்துவதும் அரைகுறை. நானாகக் கண்டுபிடித்தது இது: இதைத் தந்திர விளையாட்டாக எண்ணி மேலேயே பறந்துகொண்டிருந்தால் தோல்விதான். இரசிகர் ஊற்றுகளை ஓடிப்போய் முதலில் பிடியுங்கள், படையைக் கொடி நட்ட இடத்தில் குவியுங்கள், பிறகு நிலத்தில் இறங்கி அவர்களோடு நின்று அடியுங்கள். முகத்தை உருக்குகிற சோலோவையும், தீப்பிடித்த ஆகாயக் கப்பலை எதிரியின் தலையில் இறக்குகிற சோலோவையும் கடைசி நெருக்கடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை லயன்வைட்டை ஒரே முறையில் முடித்தேன்.

படையில் ரோடிகளும் உண்டு. முதுகில் பெரிய ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு எதிரிக்கு நடுவால் நடந்து போவார்கள். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அக்காவின் மகன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “ஏன் மாமா, இவங்களைக் கண்டும் அடிக்கிறாங்க இல்லை?” என்றான்.

“மேடைக்குச் சாமான் கொண்டுபோற ஆளை ஆரடா பார்க்கிறது?” என்றேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு வயர் சுற்ற வரச் சொல்லியிருக்கிறேன்.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். உப வேலைகள் அலுப்பு: பதுங்கித் தாக்கு, காவல் செய், ஓட்டப்பந்தயம், திரும்பவும் பதுங்கித் தாக்கு. கதை கடைசிப் பகுதியில் யாரோ கரண்டை நிறுத்தப் போகிறார்கள் என்ற மாதிரி அவசரமாக முடிகிறது. பெரிய வில்லனை நன்றாக வளர்த்துவிட்டு வழியனுப்பும்போது மட்டும் கஞ்சத்தனம். வேறு ஆட்களோடு இணையத்தில் மோதலாம் என்று பார்த்தால், நான் போன நேரமெல்லாம் ஆளில்லை. கீபோர்ட் சரிவராது என்று பாவித்த கொன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் எட்டு மாதத்தில் பொத்தான் இறுகிவிட்டது. அது கேமின் பிழை அல்ல, ஆனால் கொன்ட்ரோலர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

ஒரு நன்மையை மறக்கக் கூடாது. தனியாக விளையாட இணையம் தேவையில்லை, பழைய லப்டொப்பிலும் ஓடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது லப்டொப் பட்டரியில் இருந்த ஒன்றரை மணித்தியாலமும் இதற்குத்தான் போனது. சண்டை பிடிக்கவில்லை. ரேடியோவைப் போட்டுக் கார் ஓடினேன்.

கடின நிலையில் கடைசி மேடைச் சண்டையை மட்டும் இன்னும் வெல்லவில்லை. இப்போது கையில் கல்யாண வேலைகள். மாரி தொடங்கட்டும்.