உரக்கடை மாடியில் மோமோ: பூம்பாறை போனால் சாப்பிடலாமா?

கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறைக்குப் போகிறவர்கள் பொதுவாக மேலே ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி அடுக்கடுக்கான வயலையும் ஊரையும் சேர்த்து ஒரு போட்டோ, அப்புறம் குழந்தை வேலப்பர் கோயில், ஒரு பை மலைப்பூண்டு, அதோடு திரும்பிவிடுவார்கள். அந்த ஊரில் உரக்கடைக்கு மேலே ஆசிய ஃப்யூஷன் சாப்பாடு கிடைக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். கொடைக்கானல் டவுன் என்றால் சரி, பி.டி. ரோட்டில் திபெத்தியக் கடைகளில் மோமோவும் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் ரொம்ப நாளாகவே கிடைக்கிறது. இங்கே படியேறும்போது யூரியா மூட்டை வாசனைதான் முதலில் வரவேற்கிறது. மேலே போனதும் அது போய்விடுகிறது, நான்கைந்து மேஜை, ஜன்னலுக்கு வெளியே கேரட் வயல், அவ்வளவுதான் கடை.

உட்கார்ந்ததுமே மோமோவைச் சொல்லிவிடுங்கள், வர நேரமாகும். மாவு மெல்லிசு, மடிப்புக்கிட்ட மட்டும் கொஞ்சம் தடிப்பு, உள்ளே கேரட்டும் கோஸும் நறுக்கென்று இருக்க, அவசரப்பட்டுக் கடித்தால் அந்தக் காய்த் தண்ணீர் சூடாக இறங்கி நாக்கைப் பதம் பார்த்துவிடும். ஆனால் விஷயமே தொட்டுக்கொள்ளத் தருகிற மிளகாய் எண்ணெயில்தான் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கொடைக்கானல் மலைப்பூண்டை ஒன்றிரண்டாகத் தட்டி, சிவக்க விட்டு, கருகுவதற்குள் இறக்கியிருக்கிறார்கள். சின்னப் பல், காரம் மூக்கில் ஏறுகிறது. இன்னொரு கிண்ணம் கேட்டேன், காசு வாங்கவில்லை.

மிளகு ரசத்தில் போட்ட நூடுல்ஸ் என்று ஒன்று. கேட்கக் கொடுமையாக இருந்தாலும் அந்தக் குளிருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும் சொல்லுங்கள்! பக்கத்து மேஜையில் மஃப்ளர் கட்டிய ஊர்ப் பெரியவர் ஒருவர், தோட்டத்திலிருந்து நேராக வந்தவர் போல, ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கியே குடித்தார். கிம்சி, அதாவது கொரியாக்காரர்களின் ஊறுகாய், இங்கே உள்ளூர் முட்டைக்கோஸில் போட்டது. குளிரில் மெதுவாகப் புளிப்பதால் புளிப்பு முகத்தில் அறையவில்லை, நம் ஊர் ஊறுகாய் கை தெரிகிறது, தயிர்சாதத்துக்கே தொட்டுக்கொள்ளலாம்.

சுஷியும் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். கடல்பாசித் தாள் பனியில் நமுத்துப் போய்ப் பல்லில் இழுபடுகிறது, சோறு நடுவில் இன்னும் அரிசியாகவே இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கரில் வைக்காமல் வடித்தால் இப்படித்தான் ஆகும். பரிமாறிய தம்பியிடம் சொன்னதற்கு, “டூரிஸ்ட் வந்தா அதத்தாண்ணே மொதல்ல கேக்குறாங்க” என்றார். கேட்கத்தான் செய்வார்கள், அதற்காக? மலையில் விளைவதை வைத்துச் செய்வதெல்லாம் பிரமாதமாக வரும்போது, கடலிலிருந்து வரவேண்டியதை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்? தாய் கிரீன் கறி பரவாயில்லை ரகம், தேங்காய்ப்பால் நீர்த்திருந்தது.

மோமோ 140, ரச நூடுல்ஸ் 180. டவுனில் ஏரிப் பக்கம் கேட்கிற விலைக்கு இது நியாயம்தான். பாட்டில் தண்ணீர் கிடையாது, மலை முழுக்க பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் சொம்பில் வெந்நீர் கொடுக்கிறார்கள், எனக்கு அதுதான் பிடித்தது. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், கையில் காசு இருக்கட்டும். சாயங்காலம் பனி இறங்கினால் டவுனுக்குத் திரும்பும் வளைவுகளில் எதிரே வருகிற வண்டிகூடத் தெரியாது, அதனால் மதியச் சாப்பாட்டுக்கே போய்விடுங்கள்.